நான் சாத்திய படலை

நோர்வேயில் மலையேறப் போனால் வழியெல்லாம் ஆட்டுப் படலைகள், அதாவது வேலிக் கதவுகள், குறுக்கிடும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பலகை தொங்கும்: "படலையைச் சாத்திவிட்டுப் போகவும்." பேர்கன் நகரத்தில் முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பஸ் ஓட்டியிருக்கிறேன். இந்த நாடு சொல்லித்தந்ததில் எதை ஒழுங்காகப் படித்தாய் என்று யாரும் கேட்டால் அந்தப் பலகையைத்தான் சொல்லுவேன். படலையைச் சாத்தாமல் ஓடிய என் பிள்ளைகளை அரை மைல் திருப்பி அனுப்பிச் சாத்தவைத்திருக்கிறேன்.

இந்தக் கோடையில் ரொறன்ரோ போய் வந்ததைப் பற்றி எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நயாகரா படத்தோடு இரண்டு பக்கம் வரும் என்று நினைத்திருப்பார்கள். நயாகராவும் பார்த்தோம்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு படலைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிட வெட்கம்.

போனது நானும் மனைவி வதனியும். கூப்பிட்டது சாந்தா அக்கா, என் பெரியம்மாவின் மகள். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் மகன் ரமணனோடு இருக்கிறார். எங்கள் அத்தான், அக்காவின் கணவர், ஐந்து வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அவரும் அவருடைய தமையன் சிவம் அண்ணையும் சேர்ந்து நகரத்துக்கு வெளியே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு காணி வாங்கி ஆடு வளர்த்தார்கள். பத்து வருடமாக வாட்ஸ்அப்பில் அந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "படத்திலை பாத்தது போதும், வந்து பாருங்கோ" என்று அக்கா சொல்லிச் சொல்லிக் கடைசியில் போய் இறங்கினோம்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் கால் வைத்ததும் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். "எங்கடை கிடாய்தான் தம்பி, பயப்பிடாமல் சாப்பிடு" என்றார் அக்கா. பேர்கனில் நாங்கள் உறைந்த செம்மறி இறைச்சியை வாங்கி ஆடு என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, கறிக்கு இவ்வளவு எண்ணெய் ஆகாது, நோர்வேயில் இப்போது எல்லோரும் குறைத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அப்படித்தான் இருந்தது என் வாய்.

நாங்கள் கொண்டுபோன சாமான் நோர்வேயின் பழுப்புச் சீஸ். ஆட்டுப்பால் சேர்ந்த இனிப்புக் கட்டி. அதை மெல்லிசாகச் சீவுவதற்கென்று ஒரு தனிக் கரண்டி உண்டு, அதையும் கொண்டு போயிருந்தோம். ரமணன் மணந்து பார்த்தான். கனடாவில் பிறந்தவன், முப்பது வயது, வங்கி ஒன்றில் கம்பியூட்டர் வேலை. "இற்ஸ் லைக் ரொஃபி, மாமா. பட் சம்திங் ரோங்" என்றான். அக்கா அதை ஃபிரிட்ஜில் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் தள்ளிவைத்து, "பண்ணைக்குக் கொண்டுபோவம். சிவம் அத்தான் ஏதும் சாப்பிடுவார். அவர் கனடா வாறதுக்கு முந்தி ஐரோப்பா எல்லாம் அலைஞ்ச மனிசன்" என்றார்.

பிறகு குரலைத் தணித்து அவரைப் பற்றிச் சொன்னார். சிவம் அண்ணைக்கு எழுபத்தொன்று. கல்யாணம் செய்யவில்லை. வாரம் முழுக்கப் பண்ணையில் தனியாக இருக்கிறார், இவர்கள் சனி ஞாயிறுகளில் போவார்கள். சித்திரையில் ஒருநாள் தேத்தண்ணிக்கு அடுப்பில் கேத்தில் வைத்துவிட்டு ஆட்டுப் பட்டிக்குப் போனவர் மறந்துபோனார். கேத்தில் உருகி, குசினிச் சுவர் கருகிவிட்டது.

"இன்னும் ஒண்டு நடந்தால் அவர் இஞ்சை வந்து கீழை பேஸ்மென்றிலை இருக்கவேணும். ஆடுகளைக் குடுத்திடுவன்" என்றான் ரமணன். "மாமா, ஐ லவ் ஹிம். அதாலைதான் சொல்லுறன்."

"அந்த ஆடுகளைப் பறிச்சால் மனிசன் இருக்கமாட்டார்" என்றார் அக்கா.

நான் தலையாட்டிவிட்டு, நோர்வேயில் தனியாக இருக்கும் முதியவர்களின் அடுப்பு தானாக அணைவதற்கு ஒரு கருவி பூட்டுவார்கள் என்று விளக்கினேன்.

வெள்ளிக்கிழமை ரமணனுக்கு வேலை. நாங்களே பஸ்ஸில் சுற்றிப் பார்க்கிறோம் என்று கிளம்பினோம். கால் மணி நேரம் பஸ் இல்லை. பிறகு மூன்று பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஏறிய பஸ் பாதி வழியில் நின்றது. ஓட்டுநர் எல்லோரையும் இறங்கச் சொன்னார், பஸ் வந்த வழியே திரும்பிப் போனது. எனக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தமிழ் அன்ரி ஒருவருக்கு, பேர்கனில் நான் இரண்டு நிமிடம் பிந்தினாலே மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்று சொன்னேன். அவர் வேலைக்குப் போகும் அவசரத்தில் பையிலிருந்து ரோல்ஸ் எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"விசிற்றோ?" என்று கேட்டார்.

"ஓம், நோர்வே."

"அதுதானே பாத்தன். பஸ் வரேக்கை வரும். நீங்கள் கத்திறதாலை வரப்போறதில்லை" என்று சொல்லி எனக்கும் ஒரு ரோல்ஸ் தந்தார். உறைப்பு நாக்கைப் பிடுங்கியது. அதைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ரமணனின் வான் வண்டியில் பண்ணைக்குப் போனோம். பின்னால் தீவன மூட்டைகள், ஏசி வேலை செய்யவில்லை, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். வெளியே முப்பத்தைந்து பாகை வெக்கை. வதனி ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் "நோர்வேயிலை" என்று தொடங்க ரமணன் கையை உயர்த்தினான். "மாமா, இனிமேல் நோர்வேயிலை எண்டு தொடங்கினால் ஒவ்வொரு தரத்துக்கும் எனக்கு ஒரு கோப்பி." பண்ணைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுக்கு ஏழு கோப்பி சேர்ந்துவிட்டது.

சிவம் அண்ணை ரப்பர் சப்பாத்தோடு வாசலில் நின்றார். மெலிந்த, நெடிய மனிதர். "வாரும் தம்பி, வாரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு நேரே ஆடுகளைக் காட்டக் கூட்டிப்போனார். அறுபதுக்கு மேல் இருந்தன. எது எப்போது குட்டி போட்டது, எதற்கு எந்தக் காலில் நோவு என்று எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னார். மறதிக்காரர் என்று நம்பமுடியவில்லை. பட்டிக்குப் பின்னால் ஒரு படலை, அதற்கு அப்பால் பெரிய மேய்ச்சல் நிலம். அந்தப் படலையடியில் நின்று அவர் ஏதோ விளக்கினார். தண்ணீர்த் தொட்டி பட்டியடியில் மட்டுந்தான் என்று சொன்னதாக இப்போது ஞாபகம் வருகிறது. அந்த நேரம் நான் நோர்வே மலை ஆடுகள் கழுத்தில் மணியோடு திரிவதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா சீஸை எடுத்து வைத்தார். சிவம் அண்ணை அந்தச் சீவுகரண்டியை எடுத்து, மேலிருந்து தன் பக்கமாக ஒரே இழுப்பில் கடதாசி போலச் சீவி, பாணில் வைத்துச் சாப்பிட்டார். யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் அது கைவராது. வதனி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "எங்கை அண்ணை பழகினனீங்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்பது நாளில் அந்த மனிதரைப் பற்றி அவரிடமே நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"எனக்கு இஞ்சை இருந்தால்தான் காலமை எழும்ப மனம் வரும், தம்பி" என்றார் அவர் தானாகவே. "அங்கை போனால் நான் என்னத்துக்கு எழும்பிறது?"

ஞாயிறு காலை எட்டு மணியளவில் நான் தனியாக நடக்கப் போனேன். ஆடுகள் மேய்ச்சல் நிலத்தின் அந்தக் கோடியில் வெள்ளையும் மண்ணிறமுமாகத் தெரிந்தன. படலை அகலத் திறந்து கிடந்தது. காற்றில் அடிபடாமல் ஒரு தேங்காயளவு கல் அண்டை கொடுக்கப்பட்டிருந்தது. கல்லைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஆட்களின் அசட்டை எந்த நாட்டுக்கு வந்தாலும் போகாது என்று நினைத்தேன். கல்லைக் காலால் புல்லுக்குள் உருட்டிவிட்டேன். படலையை இழுத்துச் சாத்தி, சங்கிலியைக் கொளுவினேன். பேர்கன் நண்பர்களுக்கு அனுப்பலாம் என்று கைபேசியில் ஒரு படமும் எடுத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவை நினைத்தால் இப்போதும் காது சூடேறுகிறது.

பத்து மணிக்கு எல்லோரும் ஏரிக்குப் புறப்பட்டோம். சிவம் அண்ணை வரவில்லை என்றார். வெக்கை நாள், ஆடுகளை விட்டுவிட்டு வரமுடியாது என்றார். நான்தான் விடவில்லை. "ஒரு நாளைக்கு ஆடு தன்னைத்தானே பாத்துக்கொள்ளும் அண்ணை, வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வானில் ஏற்றினேன்.

"படலை திறந்துதான் கிடக்கு. தாகம் எடுத்தால் வந்து குடிக்குங்கள்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் காதிலும் விழுந்தது. அந்த இடத்தில் வானை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சத்தியமாக, என் மூளையில் ஒன்றும் பொருந்தவில்லை. நான் முன் சீற்றில் கோழிப் பொரியல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீர் எங்கள் கடலளவுக்குக் குளிருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வர ஐந்து மணி. வானிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டது. அறுபது ஆடும் அந்தப் படலையோடு நெருக்கியடித்து நின்று கத்தின. தொட்டித் தண்ணீர் இருபது அடி தள்ளி அவற்றின் கண்ணுக்கு முன்னால் மினுங்கிக்கொண்டிருந்தது. சிவம் அண்ணை ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. சங்கிலியைக் கழற்றியதும் ஆடுகள் அவரைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தன. அவை போன பிறகு மூன்று எழும்பவில்லை. மிதிபட்ட இரண்டு குட்டிகள், வாய் பிளந்து கிடந்த ஒரு தாயாடு. அவர் தாயாட்டின் பக்கத்தில் முழங்காலில் இருந்து தொப்பியால் தண்ணீர் அள்ளி அள்ளி அதன் வாயில் விட்டார். தண்ணீர் அப்படியே வழிந்தது.

"ஹூ குளோஸ்ட் திஸ்?" என்று ரமணன் கத்தினான். "பெரியப்பா, படலையை ஆர் சாத்தினது?"

"நான் கல்லு வச்சனான்."

"எங்கை கல்லு?"

சிவம் அண்ணை சுற்றிப் பார்த்தார். கல் நாலு அடி தள்ளிப் புல்லுக்குள் கிடந்தது. "வச்சனான்" என்றார் மறுபடியும், இந்தமுறை குரல் இறங்கியிருந்தது.

ரமணன் எங்கள் பக்கம் திரும்பினான். "நீங்கள் ஆரும் காலமை இந்தப் பக்கம் வந்தனீங்களோ?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பாய்ந்தார். "விருந்துக்கு வந்த சனத்தை என்ன கேள்வி கேக்கிறாய்? அதுகளே பயந்துபோய் நிக்குதுகள்!"

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு யாரோ குடை பிடித்த மாதிரி இருந்தது. அதற்குள் நின்றுகொண்டேன். வீட்டுப் பின்புறம் போய், முதல் வேலையாகக் கைபேசியில் இருந்த அந்தப் படத்தை அழித்தேன்.

ஆறரை மணிக்கு, வெயில் இன்னும் வாசலில் கிடக்க, மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சோறும் பருப்பும் இருந்தன. ஒருவரும் தொடவில்லை. ரமணன் தன் முடிவைச் சொன்னான். நாளைக்கே சாமான் கட்டுவது. பக்கத்துக் காணிக்காரர் வெள்ளி வரை ஆடுகளைப் பார்ப்பார். சனிக்கிழமை யாவாரி லொறியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னான்.

"காலமை ஆறு மணிக்குத் திறந்தனான். கல்லு வச்சனான். வச்சிருப்பன்" என்றார் சிவம் அண்ணை. பிறகு, "வச்சனானோ தெரியேல்லை" என்றார்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நோர்வேத் தமிழர் பலருக்கும் இது தெரியும். சொந்தக்காரர் வீட்டில் இருக்கும்போது புருஷனும் பெண்சாதியும் தங்களுக்குள் பேசுவதற்கு நோர்வே மொழி ஒரு நல்ல மறைப்பு. கறியில் உப்புக் கூட, நேரமாகிறது எழும்புவோம் என்பதெல்லாம் அதில்தான் நடக்கும். அன்று நானும் அப்படித்தான் செய்தேன். முகத்தை மாற்றாமல், தட்டைப் பார்த்துக்கொண்டு, வதனியிடம் நோர்வே மொழியில் சொன்னேன்: "படலையைச் சாத்தியது நான். கல்லைத் தள்ளியதும் நான்."

வதனியின் கை பருப்புக் கிண்ணத்தின் மேல் நின்றுவிட்டது. அவளும் அதே மொழியில், "இப்போதே அவர்களிடம் சொல்லுங்கள்" என்றாள்.

"என்னால் முடியாது. பேர்கனுக்குப் போய்ப் போனில் சொல்லலாம்."

"என்ன தம்பி, என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார் அக்கா.

"பருப்பு நல்லாயிருக்கு எண்டு சொன்னன்."

ஒருவரும் தொடாத பருப்பு. சிவம் அண்ணை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துக்கத்தில் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவருடைய சாமான்களைக் கட்டினோம். நானும்தான் கட்டினேன். ஒரு ரேடியோ, இரண்டு சோடி ரப்பர் சப்பாத்து, ஆட்டு மருந்துப் பெட்டி, குட்டி பிறந்த நாட்களைக் குறித்துவைத்த கலண்டர்கள். ஒரு மனிதனின் வீடு ஐந்து பெட்டிக்குள் அடங்கியது. மல்வேர்னில் பெட்டிகளைப் பேஸ்மென்றுக்குள் இறக்கும்போது பாரமான பெட்டியை நானே தூக்கினேன். "நீ ஏன் தம்பி கஷ்டப்படுறாய்" என்று அக்கா சொல்லச் சொல்லக் கேளாமல் தூக்கினேன். பாவத்தை முதுகால் கழுவலாம் என்று நினைத்தேனாக்கும்.

பேஸ்மென்றின் யன்னல் கூரையோடு ஒட்டி ஒரு சாண் அகலத்தில் இருந்தது. அதனூடாக வானின் ரயர் ஒன்று தெரிந்தது. சிவம் அண்ணை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தோம்பலுக்குக் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா எங்களை நயாகராவுக்குக் கூட்டிப்போனார். அவ்வளவு தண்ணீரை ஒரேயடியாகப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பினேன். நனையாமல் இருக்கத் தந்த நீலக் கோட்டுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில். பஸ்ஸில் போனால் விடிந்துவிடும் என்று ரமணன் அரை நாள் லீவு போட்டு வானில் கொண்டுபோய் விட்டான். அக்காவும் வதனியும் அர்ச்சனைக்கு நின்றார்கள். நானும் சிவம் அண்ணையும் தூணோடு உட்கார்ந்திருந்தோம். அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு என்னோடை ஏதும் கதைக்கக் கிடக்கோ?" என்றார்.

பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கேட்டார். "இல்லையண்ணை" என்றேன். "ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

அர்ச்சனைத் தட்டோடு திரும்பி வந்த வதனிக்கு அது கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் என்னோடு எந்த மொழியிலும் பேசவில்லை. வியாழக்கிழமை அக்கா எங்களுக்காக மிளகாய்த்தூள் இடித்து, பொரிவிளாங்காய் உருண்டை செய்து, பயணப் பெட்டியில் இடம் காணாமல் தன் சேலையில் சுற்றிக் கட்டித் தந்தார். அன்று முழுக்கச் சிவம் அண்ணை கீழே இருந்து ஏறி வரவேயில்லை. காலையில் எழும்ப அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். சிவம் அண்ணையும் வருகிறேன் என்று வந்து ஏறிக்கொண்டார். இறக்கிவிடும் இடத்தில் வானை அதிக நேரம் நிறுத்தமுடியாது. ரமணன் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தான். அக்கா முன் சீற்றிலிருந்தபடியே வதனியின் கையைப் பிடித்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தார். பெட்டிகளை இறக்கச் சிவம் அண்ணை பின்னால் வந்தார். கடைசிப் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, என் பக்கமாகக் குனிந்து, மெதுவாக ஒன்று கேட்டார்.

நோர்வே மொழியில் கேட்டார்.

உடைந்த, துருப்பிடித்த நோர்வே. வடக்குக் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில் பேசுகிற இழுவை அதில் இருந்தது. "நீ... படலை... சாத்தினாய். மேசையில் நீ சொன்னது அதுதானே? நான் சரியாக விளங்கினேனா?"

அவர் தமிழுக்கு மாறினார். "எண்பத்தேழிலை பதினொரு மாசம் அங்கை வடக்கிலை மீன் வெட்டினனான். அதுக்குப் பிறகு அந்தப் பாஷை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அதுதான் சந்தேகம். கேத்திலை மறந்தவன், கல்லை மறந்தவன், இதையும் பிழையாக் கேட்டிருப்பன் எண்டு நினைச்சன். இவையளிட்டைச் சொன்னால் அத்தானுக்கு நோர்வேயும் விளங்கத் தொடங்கிட்டுது எண்டு சிரிப்பினம். எனக்குச் சரியாத் தெரியவேணும் தம்பி. என்ரை மண்டை பழுதாப் போச்சுதோ, இல்லையோ?"

என்னைத் திட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. தன் மூளையைச் சரிபார்க்கக் கேட்டார். ஐந்து நாளாக அந்தச் சந்தேகத்தோடு ஒரு சாண் யன்னலுக்குக் கீழே படுத்திருந்திருக்கிறார். அதைத் தீர்க்கும் சொல் என் வாயில் இருந்தது, நான் அவருடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

"ஆம்" என்றேன். அப்போதுகூட அதை நோர்வே மொழியில்தான் சொன்னேன்.

அவர் கண்ணை மூடி மூச்சு விட்டார். "அப்ப கல்லு வச்சனான்" என்றார். "வச்சனான்." வேறு ஒன்றும் கேட்காமல், சொல்லு என்றும் சொல்லாமல், போய் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

ரமணன் கியரை மாற்றினான். நான் ஓடிப்போய் அவன் பக்கத்துக் கண்ணாடியில் அடித்தேன். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் போ போ என்று கை காட்டினார். கண்ணாடி இறங்கியதும் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

"படலையைச் சாத்தினது நான். ஞாயிறு காலமை. கல்லைக் காலாலை தள்ளிப்போட்டுச் சாத்தினனான். பெரியப்பா மறக்கேல்லை."

ரமணன் என்னைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். "நீங்களும் எங்களோடை நிண்டு பெட்டி கட்டினீங்கள், மாமா" என்றான். அவ்வளவுதான்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடிக்கு நேரே பார்த்தபடி, "என்னட்டை எண்டாலும் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். தம்பி என்ற அந்தச் சொல்லை அவர் கஷ்டப்பட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது.

பின் சீற்றிலிருந்து சிவம் அண்ணையின் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் கேட்காத உறுதி அதில் இருந்தது. "தம்பி ரமணன், யாவாரிக்குப் போன் அடிச்சு நாளைக்கு லொறி வேண்டாம் எண்டு சொல்லு. மல்வேர்னுக்குத் திருப்பாதை. நேரை பண்ணைக்கு விடு."

வான் போய்விட்டது. ஒருவரும் கை காட்டவில்லை. அக்காவின் சேலைப் பொட்டலம் என் காலடியில் இருந்தது. வதனி இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேச வாயெடுத்தாள், வழக்கம்போல நோர்வே மொழியில்.

"தமிழிலை சொல்லு" என்றேன்.

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அந்த மனிசன் கேட்டிராட்டில், நீங்கள் சொல்லாமலே பிளேன் ஏறியிருப்பியள்" என்றாள்.

ஓம் என்றேன்.